கொன்றவன் நட்ட சிலுவை

ஜெர்மனியின் சாக்சனியிலும் செக் நாட்டின் பொஹீமியாவிலும் கிராமத்துச் சாலையோரம் நடந்தால், புல்லுக்குள் குட்டையான ஒரு கற்சிலுவை கண்ணில் படும். ஒரே கல்லில் முரடாகச் செதுக்கியது. பெரும்பாலும் பெயர் இருக்காது, ஆண்டும் இருக்காது. குனிந்து பார்த்தால் சிலவற்றில் வாளோ கோடரியோ கீறியிருக்கும். ஓர் உயிரைப் பறித்த ஆயுதம் அது என்பார்கள்.

ஜெர்மன் மொழியில் இதற்கு 'சூனெக்ரொய்ட்ஸ்' என்று பெயர். பரிகாரச் சிலுவை எனலாம். நட்டது செத்தவனின் உறவினர் அல்ல, கொன்றவன்.

13 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை அங்கே கொலை பெரும்பாலும் இரு குடும்பங்களுக்கு இடையிலான வழக்கு. பழிக்குப் பழி என்று கிளம்பினால் இரண்டு வீட்டிலும் ஆள் மிஞ்சாது. அதனால் நடுவர்களை வைத்துப் பேசி ஒப்பந்தம் எழுதினார்கள். கொன்றவன் செத்தவன் வீட்டுக்குப் பணம் தர வேண்டும். கோயிலுக்கு மெழுகு தர வேண்டும். இறந்தவனுக்காகப் பூசை வைக்க வேண்டும். சிலர் ஜெர்மனியின் ஆகன் நகருக்கோ ரோமுக்கோ யாத்திரையும் போக வேண்டியிருந்தது. இவற்றோடு ஒரு கற்சிலுவை.

அதை ஏன் வழியோரத்தில் நட்டார்கள்? என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான். வெட்டுப்பட்டுச் சாகிறவனுக்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நேரமில்லை, சாகும் வேளையில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலும் கிடைக்கவில்லை. அவன் ஆன்மா, பாவக்கறை தீரும்வரை வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெடுங்காலம் வாடும் என்று நம்பினார்கள். முன்பின் அறியாத வழிப்போக்கன் நின்று சொல்லும் ஒரு செபம் அந்த வேதனையைக் குறைக்கும். அதற்கு ஆள் நடமாட்டம் வேண்டுமே!

பெர்லின் மரியன் தேவாலய வாசலிலும் இப்படியொரு சிலுவை நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் பெர்னாவு ஊர்க் குரு நிக்கோலாஸை பெர்லின் மக்கள் கூடிக் கொன்றார்கள். அதற்கு நகரமே பரிகாரம் செய்தது.

1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் குற்றவியல் சட்டம் வந்தது. கொலைக்குத் தண்டனை தருவது அரசின் வேலையாயிற்று, ஒப்பந்தங்கள் அருகின. காரணம் மறந்துபோக, கதைகள் முளைத்தன. முப்பதாண்டுப் போரில் வந்த சுவீடன் படையினரின் கல்லறை என்றார்கள் சில ஊர்களில். செக் நாட்டிலோ, 9ஆம் நூற்றாண்டில் மறைபரப்பிய சிரில், மெத்தோடியஸ் பெயரைச் சூட்டினார்கள். ஆவணத்தோடு பொருத்திக் காட்ட முடிந்தவை சிலவே. எல்லைக் குறியாகவோ விபத்து நினைவாகவோ நட்டவையும் இவற்றில் கலந்திருக்கின்றன.

சாலைப் பணிக்காகப் பல சிலுவைகளைப் பெயர்த்துக் கோயில் மதிலோரம் வைத்துவிட்டார்கள். கல் பிழைத்தது, ஆனால் அது காட்டி நின்ற இடம் போய்விட்டது. பெயர்க்காமல் விட்டவற்றில் சில, மண் ஏறி ஏறிக் கைகள் வரை புதைந்து இன்னும் வழியைப் பார்த்தபடி நிற்கின்றன.