ஆசிரியரின் மன அழுத்தம்: பொறுமை மட்டும் போதுமா?

மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றித் தன்னாமுனையில் ஒரு நாள் செயலமர்வு, கட்டாயம் வர வேண்டும் என்று அறிவித்தல் வந்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அது சனிக்கிழமை. வீட்டில் துவைக்காத உடுப்புகள், திருத்தாத விடைத்தாள்கள். "அழுத்தத்தைக் குறைக்கிறோம் என்று இருக்கிற லீவு நாளையும் எடுக்கிறார்களே" என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் புலம்பிக்கொண்டே ஏறாவூரில் பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் தமிழ் ஆசிரியர்களும் முஸ்லிம் ஆசிரியர்களும் கலந்து இருந்தோம். வளவாளரின் முதல் கேள்வி இதுதான்: "இந்த மாதம் உங்கள் கோபத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் மீது கோபத்தைக் கொட்டியவர்கள் யார்?" முதலில் ஒருவரும் கை தூக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. என் கையும் எழுந்தது.

என் நினைவில் இருந்தது தரம் 7 மாணவி ஒருத்தி. அன்று காலை உம்மாவின் கிளினிக் விடயமாக வீட்டில் வாக்குவாதம். கடன் கழிவு போக மிஞ்சிய சம்பளத்தை எண்ணிக்கொண்டே வகுப்புக்குள் போனேன். அவள் வீட்டுவேலை செய்திருக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி நான் சொன்னவற்றை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாட்கள் அவள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவளது தாய் வந்தார். "இவளுக்கு உங்களத்தான் டீச்சர் நல்ல விருப்பம்" என்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏன் இப்படி நடக்கிறது? ஆபத்து என்று மூளை கருதியதும் உடம்பு சண்டைக்கு அல்லது ஓட்டத்துக்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. பின்னால் கோர்ட்டிசோல் வருகிறது. பாம்பைக் கண்டால் இது உயிரைக் காக்கும். ஆனால் கடன் பாம்பு அல்ல, அதிபரின் தொலைபேசி அழைப்பும் பாம்பு அல்ல. ஓடவும் முடியாது, சண்டை பிடிக்கவும் முடியாது. உடம்பு மட்டும் நாள் முழுக்கத் தயார் நிலையிலேயே நிற்கிறது. இதை 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் விளக்கத் தொடங்கினார். முதலில் எச்சரிக்கை, அடுத்து தாக்குப்பிடித்தல், கடைசியில் களைத்து விழுதல் என்று மூன்று கட்டங்களை அவர் காட்டினார். நம்மில் பலர் இரண்டாவது கட்டத்தில் நின்றுகொண்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறோம்.

வேலையால் வரும் இந்தக் களைப்பை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் தொழில் சார்ந்த நிலையாகக் குறித்தது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போதல், வேலை மீது வெறுப்பு அல்லது விலகல், செய்வது எதுவும் பயன்படவில்லை என்ற எண்ணம். ஆசிரியர் அறையில் பத்து நிமிடம் இருந்தால் மூன்றையும் கேட்கலாம்.

அன்று கற்ற பயிற்சிகள் எளிமையானவை. ஒன்று, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுவது. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். இரண்டு, எண்ணம் எங்கோ இழுத்துச் செல்லும்போது பாதம் தரையில் படுவதை உணர்ந்து, கண்ணில் படுபவற்றையும் காதில் விழுபவற்றையும் கவனித்து, இருக்கும் இடத்துக்குத் திரும்புவது. மூன்று, பிரச்சினைகளைத் தாளில் எழுதி, என்னால் மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை என்று பிரிப்பது. என் பட்டியலில் கடன் இரண்டாம் பக்கம் போனது. இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் எழுதுவது முதலாம் பக்கம் வந்தது. அன்றிரவே அதை நிறுத்தினேன்.

நம் சமூகத்தில் இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: "ஈமான் குறைவு, பொறுமையாக இருங்கள்." பொறுமையை நானும் நம்புகிறேன். ஆனால் கோபம் வந்தால் நின்றவர் உட்கார வேண்டும், உட்கார்ந்தவர் சாய வேண்டும் என்று கற்றுத்தந்த மார்க்கம், உடம்பை மாற்றினால் மனமும் மாறும் என்பதை அறிந்த மார்க்கம் அல்லவா? வாயை மூடிக்கொண்டு உள்ளே வேகுவதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துவிட்டோம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பவரிடம் ஈமான் பற்றி யாரும் கேட்பதில்லை.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சுமையும் உண்டு. தன்னாமுனைக்கு ஒரு பக்கம் சத்துருக்கொண்டான், மறுபக்கம் ஏறாவூர். 1990 ஆகஸ்டில் ஏறாவூரிலும் செப்டம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகள் இரு சமூகத்துக்கும் தெரியும். அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று வகுப்பறைகளில் நிற்கிறோம். பிறகு 2004 சுனாமி, 2019 ஏப்ரல், 2022 பொருளாதார நெருக்கடி. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிக் கலையாலும் விளையாட்டாலும் மனக்காயம் ஆற முயன்றது. பிள்ளைகளுக்கு அன்று தேவைப்பட்டது ஆசிரியர்களுக்கு இன்றும் தேவைப்படுகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைப் பளுவைக் குறைக்காமல் மூச்சுப் பயிற்சி மட்டும் தருவது ஓட்டை வள்ளத்தில் இருப்பவருக்குச் சிரட்டை கொடுப்பது போன்றது. தண்ணீர் அள்ளச் சிரட்டை வேண்டும்தான், ஓட்டையையும் அடைக்க வேண்டும். ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்பதை நிறுத்துவது அதிகாரிகளின் கையில் இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் எனக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுத்தந்தார்கள். கோபத்தோடு வகுப்புக்குள் போனால் என்ன செய்வது என்று கற்றுத்தரவில்லை. இனி வருபவர்களுக்காவது அது ஒரு பாடமாக இருக்கட்டும்.

தூக்கமின்மை, அழுகை, வாழ விருப்பமின்மை இருந்தால் பயிற்சியோடு நின்றுவிடாதீர்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

திங்கட்கிழமை அந்த மாணவியிடம், வகுப்பின் முன்னால், மன்னிப்புக் கேட்டேன். அவமானப்படுத்தியது எல்லோர் முன்னாலும்தானே. அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். இப்போது வகுப்புக் கதவருகில் ஒரு நிமிடம் நின்று மூச்சை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.