ஒன்றரை ஷிப்டும் இரண்டு வாழைப்பழமும்

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீடு. எட்டுக் குடித்தனம், ஒரே குழாய், பொது வாசல். பனியன் கம்பெனியில் இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிப்டு முடித்து ஒவ்வொருவராக வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும். டிபன் பையை இறக்கி வைத்த கையோடு டிவியைப் போட்டுவிட்டுத்தான் முகம் கழுவப் போவார்கள். எட்டு வீட்டில் மூன்று வீட்டிலாவது ஓடுவது காமெடி சேனல். இன்னொரு வாழைப்பழம் எங்கே என்று கவுண்டமணி செந்திலைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இதற்கு இன்னமும் சிரிப்பு வருகிறதா என்று அங்கே குடியிருக்கும் ஒரு செக்கிங் அக்காவிடம் கேட்டேன்.

"சிரிப்பெல்லாம் எங்கீங்க வருது? ஆனா ஓடட்டுமுங்க. அது ஓடுனாத்தான் ஊட்டுக்கு வந்தாப்புல இருக்குது."

சிரிப்பு வராத சிரிப்பை ஒருவர் தினமும் விரும்பிப் பார்க்கிறார். அந்தப் பதிலை விட்டு என்னால் நகர முடியவில்லை.

அந்த வாழைப்பழக் காட்சி உள்ள 'கரகாட்டக்காரன்' வந்தது 1989-ல். அதன் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கப் போன செந்தில் ஒன்றோடு வருவார். இன்னொன்று எங்கே என்றால், கையில் இருந்ததைக் காட்டி அந்த இன்னொன்று இதுதான் என்பார். விஷயம் அவ்வளவுதான். பத்தாவது தடவையிலேயே இதில் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்றைக்குப் பார்ப்பவர்கள் பழத்தைப் பார்ப்பதில்லை. கவுண்டமணியின் பொறுமை எந்த நொடியில் அறுகிறது, கை எப்போது ஓங்குகிறது என்று கூடவே போகிறார்கள். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, திரையைத் திரும்பிப் பார்க்காமலே, அடுத்த வசனத்துக்கு உதடு அசைகிறது.

கவுண்டமணி இந்தப் பக்கத்து ஆள். உடுமலைக்கு அருகே வல்லக்குண்டாபுரத்தில் பிறந்தவர். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது உடுமலையும் அதற்குள் வந்துவிட்டது. சன் குழுமம் ஆதித்யா சேனலைத் தொடங்கியதும் அதே வருடம். பகல் முழுக்க, ராத்திரி முழுக்க காமெடி மட்டுமே என்று ஒரு சேனல். கலைஞர் குழுமத்தின் சிரிப்பொலியும் அந்த வரிசையில் சேர்ந்தது. 2006-ல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவசக் கலர் டிவி அதற்குள் லைன் வீடுகளுக்கு வந்திருந்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. படத்தில் சில நிமிடமாக இருந்த பழம், கடிகாரம் போல எந்த நேரமும் சுவரோரம் ஓடும் பொருளானது இப்படித்தான்.

பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஓவர்லாக் டைலருக்கு நாள் முழுக்கத் தோள்பட்டை மட்டும். அடுத்த மெஷினில் கை மட்டும். பேட்லாக்கில் அடி மடிப்பு மட்டும். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் லைன் முனையில் ஒரு போர்டு தொங்கும். மணிக்கு எத்தனை பீஸ் வர வேண்டும், எத்தனை வந்திருக்கிறது என்று அதில் எழுதுவார்கள். நாளெல்லாம் ஒரே தையலைத் தைத்தவர் வீட்டுக்கு வந்தால் புதிதாக ஏதாவது பார்க்கத்தானே ஆசைப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். நினைப்பு தப்பு. கம்பெனியில் ஒரே மாதிரி வருவதெல்லாம் இன்னொருவருடைய கணக்குக்காக வருகிறது. அதில் கொஞ்சம் அசந்தால் பீஸ் ஆல்டருக்குத் திரும்பி வரும். வீட்டில் ஓடும் வாழைப்பழத்தில் கண்ணயர்ந்தால் ஒன்றும் கெடாது. பாதியில் வரலாம், பாதியில் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகலாம். முடிவு தெரிந்திருப்பதுதான் அதன் சுகம். நாளைக்கு ஆர்டர் இருக்குமா, சனிக்கிழமை சம்பளம் முழுதாக வருமா என்று எதுவும் உறுதியில்லாதவர்களுக்கு, அடி எப்போது விழும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு இடம் அது.

நகைச்சுவையே இல்லாத நகைச்சுவைக்குத் தமிழில் இத்தனை பெயர் இருப்பதையும் கவனிக்க வேண்டும். அறுவை, பிளேடு, கடி, மொக்கை. நல்ல ஜோக்குக்கு இத்தனை சொல் நம்மிடம் கிடையாது. திட்டுவதற்காக வந்த சொற்கள்தான்; ஆனால் "ஒரு கடி சொல்லு" என்று கேட்டு வாங்குகிறோமே! பனியன் போட்டால் ஏன் குளிருகிறது? உள்ளேயே பனி இருக்கிறதே. இதைக் கேட்ட செக்கிங் டேபிள் முழுக்க "அய்யோ" என்று ஒரே குரலில் கத்தும். அந்த "அய்யோ"வுக்காகத்தான் சொல்வதே.

இதையே ஒரு தொழிலாக ஆக்கிக் காட்டியவர் தங்கதுரை. விஜய் டிவி மேடைகளில் அவர் பெயருக்கு முன்னால் 'பழைய ஜோக்' என்பது பட்டம் போலவே சேர்ந்துகொண்டது. 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' சுற்று இந்த ரசனையின் உச்சம் என்பேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சிரிக்கக் கூடாது, சிரித்தால் தோற்றார். எதிரே ராமர், வடிவேல் பாலாஜி, தங்கதுரை என்று ஏதோ ஒரு வேடத்தில் யாராவது வருவார்கள். சொல்லும் ஜோக்குகளை எழுதிவைத்துப் படித்தால் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் பார்ப்பவரின் கண் ஜோக் சொல்பவர் மேல் இல்லை. நாற்காலிக்காரரின் கன்னம் துடிப்பதையும், அவர் உதட்டைக் கடிப்பதையும் பார்க்கிறோம். ஜோக் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அவர் தவிப்பு கூடும். 2020 செப்டம்பரில் வடிவேல் பாலாஜி இறந்துபோனார். அவருடைய பழைய சுற்றுகளைச் சாப்பாட்டு இடைவேளையில் போனில் போட்டு, நாலு பேர் தலை சேர்த்துப் பார்ப்பதை இப்போதும் பார்க்கிறேன்.

தெரிந்ததையே திரும்பத் திரும்ப ரசிப்பது டிவி கொண்டுவந்த பழக்கமும் இல்லை. மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் திருப்பூரில் ஏராளம். அவர்கள் ஊர்த் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் என்றால் முதலில் பபூன் வருவார். போன வருடம் வேறொரு பபூன் சொன்னதையே இவரும் சொல்வார், கூட்டம் அதற்கென்றே காத்திருக்கும். ஜெர்மனியிலும் இந்தப் பழக்கம் உண்டு. 'டின்னர் ஃபார் ஒன்' என்றொரு சின்ன நாடகம்; 1963-ல் ஹாம்பர்க்கில் பதிவு செய்தது. ஒரு வயதான சீமாட்டியின் விருந்தில், இறந்துபோன நண்பர்களுக்கு ஊற்றிய மதுவையெல்லாம் வேலைக்காரரே குடித்துவிட்டுப் புலித்தோலில் தடுக்கித் தடுக்கி விழுகிறார். ஆங்கிலத்திலேயே இருக்கும் அதை, வருடக் கடைசி இரவில் ஜெர்மானியர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். வருடா வருடம்.

எனக்கு உறுத்துவதும் ஒன்று உண்டு. ஓடும் காமெடியில் கணிசமான பங்கு நிறத்தைச் சொல்லி, வழுக்கையைச் சொல்லி, பருமனைச் சொல்லிப் பழிப்பது. ஆண் சேலை கட்டி வந்தாலே சிரிப்பு என்று ஒரு வழக்கம். செக்கிங் அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கருப்பைக் கிண்டல் செய்யும் இடம் வந்தால் ரிமோட்டை எடுத்துவிடுவாள். அம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை. பழகிப்போனது என்பதற்காக அதையும் சேர்த்து என்னால் ரசிக்க முடியவில்லை. வாழைப்பழம் யாரையும் காயப்படுத்தாமல் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த நாலு பையன்கள் இருக்கிறார்கள். கட்டிங் செக்‌ஷனில் ஹெல்ப்பர்கள். ஒன்பது மணிக்கு மேல் அக்கா வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வந்த புதிதில், கவுண்டமணி அடித்த பிறகுதான் சிரிப்பார்களாம். பேச்சு புரியாது, அடி மட்டும் புரியும். இப்போதும் தமிழ் அரைகுறைதான். நான் போயிருந்த இரவு பழம் மறுபடி ஓடியது. செந்தில் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த நாலு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "தம்பிகளா, உள்ள வந்து உக்காருங்க" என்று அக்கா பாயை நகர்த்திப் போட்டார்.