முதுகெலும்பைக் காப்போம்



“நிமிர்ந்து உட்கார்!” என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் கூறி வந்தேன். அது மட்டும் போதாது என்பதைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன்.

நாம் பிறக்கும்போது முதுகெலும்பில் 33 சிற்றெலும்புகள் உள்ளன. வளர்ந்தபின் அடிப்பகுதியிலுள்ளவை ஒன்றிணைந்து 26 ஆகின்றன. எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் அமைந்துள்ளன. வளர்ந்தோரின் தட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் செல்வதில்லை. சுற்றியுள்ள பகுதிகளிலிருந்தே சத்து ஊறிச் செல்கிறது. உடலின் அசைவு அதற்குத் துணைபுரிகிறது. ஆகவே, நிமிர்ந்தே அமர்ந்தாலும் நெடுநேரம் அசையாதிருத்தல் நன்றன்று.

மாணவர்களே! கால அட்டவணையைப் பார்த்து, அன்றைய நூல்களை மட்டும் பையில் வைத்து, இருதோள்களிலும் மாட்டிக்கொள்ளுங்கள். மாலையில் ஓடியாடி விளையாடுங்கள்.

தோட்டத் தொழிலாளப் பெருமக்களே! செம்பனைக் குலையைத் தூக்கும்போது முழங்கால்களை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். திரும்ப வேண்டுமாயின் இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்துங்கள். முதுகு வலித்தால் நாட்கணக்கில் படுத்துக் கிடப்பதினும், இயன்ற அளவு மெல்ல நடமாடுவதே நன்று. ஆனால், கால்கள் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமற் போனாலோ, “எல்லாம் தலைவிதி” என்றிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இப்பொழுது பாடங்களுக்கிடையே மாணவர்களை எழுந்து நிற்கச் செய்கிறேன். அவர்களோடு நானும் கைகளை உயர்த்தி நிமிர்கிறேன். இல்லந்தோறும் இப்பழக்கம் பரவுக!

— தலைமையாசிரியர்