உஷார்! ‘வரலாற்றுப் பேராசிரியரின் கணிப்பு’ என்று வீடியோ வந்தால்...

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் அப்பா அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளே, இதைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். அவர்கள் கையில் இருக்கும் போனுக்கு என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது!

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பெயர் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. உலக வரலாற்றை முப்பது வருஷம் ஆராய்ந்த பேராசிரியராம். ரோமாபுரி சரிந்த கதை, 1930-களில் அமெரிக்க வங்கிகள் கவிழ்ந்த கதை, எல்லாம் சொன்னார். அதெல்லாம் நடந்ததுதான். பொய் அதற்கு அப்புறம் வந்தது. “அடுத்தது இந்தியா. பணத்தை எடுத்து இந்த ஆப்பில் தங்கமாக மாற்றுங்கள்.”

மகள் கல்யாணத்துக்குப் போட்டுவைத்த ஃபிக்சட் டெபாசிட்டைப் பாதியில் உடைத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. ஒரே வாரம். ஆப் திறக்கவில்லை. வங்கி அதே இடத்தில்தான் இருக்கிறது. பணம் போய்விட்டது. அந்தப் பேராசிரியர்? அப்படி ஒரு ஆளே கிடையாது!

நிஜமான உலக வரலாற்றாய்வாளர் எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தான் போலியைப் பிடிக்க முடியும். சஞ்சய் சுப்ரமணியத்தைப் பாருங்கள். தமிழ்க் குடும்பம். அப்பா கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர். மகன் டெல்லியில் பொருளாதாரம் படித்து, தென்னிந்தியாவின் பழைய கடல் வணிகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கி, பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று கற்பித்தவர். 2019-ல் டான் டேவிட் பரிசு பெற்றார். 1997-ல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று ஆரூடங்களைப் பற்றியும் பேசுகிறது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகல் முதல் கங்கைக் கரை வரை, ‘யுகம் முடியப் போகிறது, உலகையே ஆளும் அரசன் வருகிறான்’ என்ற பேச்சு எப்படிப் பரவியது என்று தேடியிருக்கிறார். இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியில் 1000-வது ஆண்டு, அதாவது 1591-92, நெருங்கியபோது அக்பரே ஆயிரமாண்டு வரலாறு ஒன்றை எழுதச் சொன்னார்.

கவனியுங்கள். சஞ்சய் ஆரூடங்களை ஆராய்ந்தார். ஆரூடம் விற்கவில்லை!

ஆரூடத்தை நம்பி ஏமாந்த கதைகள் வரலாற்றில் கொட்டிக் கிடக்கின்றன. 1578-ல் போர்ச்சுகல் மன்னர் செபாஸ்தியன் மொராக்கோ போரில் மாண்டார். திரும்பி வருவார் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். வந்தார்கள், போலி செபாஸ்தியன்கள்! நம் நாட்டிலும் 1962 பிப்ரவரியில் எட்டு கிரகம் சேருகிறது, உலகம் அழியும் என்று ஊரெல்லாம் யாகம் நடந்தது. பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

படித்த நிபுணர் சொன்னார் என்பதாலேயே கணிப்பு பலித்துவிடாது. அமெரிக்காவில் ஃபிலிப் டெட்லாக் என்ற ஆய்வாளர் 284 நிபுணர்களின் கணிப்புகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சோதித்து 2005-ல் புத்தகமாக வெளியிட்டார். சராசரியாகப் பார்த்தால் குருட்டாம்போக்கைவிடப் பெரிதாகத் தேறவில்லை. அதிகம் பிரபலமானவர்கள் இன்னும் மோசம்!

அப்பா திடீரென்று டெபாசிட் ரசீதைத் தேடுகிறாரா? உஷார். வீடியோவில் பேசுகிறவர் தேதி குறித்துச் சொல்கிறாரா? பலித்த பழைய கணிப்புகளை மட்டும் காட்டுகிறாரா? எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் மழுப்புகிறாரா? ‘இன்று ராத்திரிக்குள்’ என்கிறாரா? எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. ‘வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்.’ இதைக் கேட்ட நொடியே போனை வாங்கி வையுங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள்.

வங்கி விழும் என்று நடுங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறது.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். ஆவடி காவல் ஆணையரகத்தில் புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போன பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்!