சிறு கல்லூரியும் விளையாட்டுக் கணக்கும்

நம் கல்லூரிகளில் சேர்க்கையின்போது மாணவர் பெறும் கட்டணச் சீட்டில் விளையாட்டுக் கட்டணம் என்றொரு வரி காணப்படும். மைதானத்தில் ஒருநாளும் காலடி வைக்காத மாணவரும் அதனைச் செலுத்துகின்றார். பல்கலைக்கழக அணிக்கு ஆடும் மாணவரும் அதனையே செலுத்துகின்றார். தொகை சிறிது ஆதலால் அதைப் பற்றி வினவுவார் அரியர். அந்த ஒரு வரி பெருகிப் பெருகி, ஒரு கல்லூரியின் வாழ்வையே முடிவு செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் என்ன நேரும்? இதற்கு விடை காண விரும்புவோர் அமெரிக்க நாட்டின் சிறு கல்லூரிகளை நோக்குதல் வேண்டும். ஆடுவோர் யார், அதற்குச் செலுத்துவோர் யார் என்னும் வினா அங்கு எழுந்த அளவுக்குக் கூர்மையாக வேறெங்கும் எழுந்ததாகத் தோன்றவில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் இலட்சம் பேர் அமரும் அரங்கங்களும் தொலைக்காட்சி உரிமைக்காகக் கோடிக்கணக்கில் கைமாறும் டாலர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அது அந்நாட்டு விளையாட்டின் ஒரு முகம் மட்டுமே. 1905ஆம் ஆண்டில் அமெரிக்கக் காற்பந்தில் நேர்ந்த உயிரிழப்புகள் நாட்டை உலுக்கியதன் விளைவாக 1906இல் உருவான அமைப்பே இன்று என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். (அமெரிக்கக் காற்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று; தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் ஆட்டம் அது.) அச்சங்கம் 1973இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. முதற் பிரிவில் இருப்பவை பெரும் பல்கலைக்கழகங்கள். மூன்றாம் பிரிவிலோ நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். அவற்றுள் பெரும்பாலானவை ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்களைக் கொண்ட சிறு நிறுவனங்கள். விளையாட்டுத் திறனுக்காக எந்த மாணவருக்கும் உதவித்தொகை வழங்கலாகாது என்பது இப்பிரிவின் அடிப்படை விதி. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி முதற் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் தம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் வழங்கத் தொடங்கிய பின்னரும் மூன்றாம் பிரிவின் இவ்விதி மாறவில்லை.

அப்படியாயின் இக்கல்லூரிகளின் அணிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? நுழைவுச் சீட்டால் வருவது பெயரளவே. சங்கத்தின் பெருவருவாய், ஆடவர் கூடைப்பந்துப் போட்டியின் தொலைக்காட்சி உரிமையால் வருவது. அவ்வருவாயில் 3.18 விழுக்காடே மூன்றாம் பிரிவு முழுமைக்கும் ஒதுக்கப்படுகின்றது. அதிலும் பெரும்பகுதி தேசிய அளவிலான இறுதிப் போட்டிகளை நடத்துவதிலேயே தீர்ந்துவிடும். எனவே பயிற்சியாளர் ஊதியம், பேருந்துப் பயணம், சீருடை, மருத்துவம், மைதானப் பராமரிப்பு ஆகிய யாவும் கல்லூரியின் பொது நிதியிலிருந்தே வரவேண்டும். பொது நிதி என்பது பெரும்பாலும் மாணவர் செலுத்தும் கட்டணமே.

இவ்வளவு செலவு இருந்தும் சிறு கல்லூரிகள் இருபது அணிகள் வரை வைத்திருப்பதன் காரணம் யாதெனின், அங்கு அணி என்பது மாணவர் சேர்க்கைக்கான வழி. பள்ளியில் ஆடிய இளைஞன் ஒருவன், பெரும் பல்கலைக்கழக அணியில் தனக்கு இடம் கிடைக்காது என்பதை அறிவான். ஆனால் இன்னும் நான்கு ஆண்டுகள் ஆட விழைகின்றான். சிறு கல்லூரியின் பயிற்சியாளர் அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, எங்களிடம் வா, ஆடலாம் என்கின்றார். அவன் வருகின்றான், கட்டணமும் உடன் வருகின்றது.

இக்கணக்கை ஒரு கற்பனைத் தொகையைக் கொண்டு விளக்குவோம். ஒரு கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் 40,000 டாலர் என்று கொள்வோம். அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் புதிய மாணவர்க்கு அறிவித்த கட்டணத்தில் பாதிக்கும் மேல் தள்ளுபடி தருவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆகவே கைக்கு வருவது 18,000 டாலர். காற்பந்து அணியில் நூறு பேர் சேர்ந்தால் 18 இலட்சம் டாலர். அணிக்கான செலவு 6 இலட்சம் எனில், மீதி 12 இலட்சம் இலாபம் போலத் தோன்றும். ஆனால் அந்த நூறு பேரில் அணி இல்லாவிடினும் அக்கல்லூரிக்கே வந்திருப்போர் எத்தனை பேர்? அவர்களுக்கு விடுதி, உணவு, வகுப்பறை, ஆசிரியர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு எவ்வளவு? புதிய அரங்கம் கட்டக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டி எந்தத் தலைப்பில் எழுதப்படுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை எழுதாத வரையில் எந்த அணியும் இலாபமே காட்டும். கணக்கேட்டில் இலாபம் காட்டுவது எளிது என்பதைக் கடை வைத்து நடத்தும் பெரியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வழியைத் துணிந்து கையாண்டது மிச்சிகன் மாநிலத்தின் அட்ரியன் கல்லூரி. 2005இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஜெஃப்ரி டாக்கிங், மாணவர் தொகை ஆயிரத்துக்கும் கீழே சரிந்திருந்த அக்கல்லூரியில் புதிய அணிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார். அரங்கமும் பனிச்சறுக்கு ஹாக்கிக் கூடமும் எழுந்தன. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஆண்டுதோறும் இத்தனை மாணவரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு வகுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மாணவர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. டாக்கிங் இம்முறையை 2015இல் நூலாகவும் எழுதினார். கல்லூரி பிழைத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் 2020ஆம் ஆண்டில் அதே கல்லூரி வரலாறு, மெய்யியல், சமயவியல், நாடகம் முதலிய துறைகளை மூடப்போவதாக அறிவித்ததும், பழைய மாணவர்களின் எதிர்ப்பால் அம்முடிவை விரைவிலேயே கைவிட்டதும் நோக்கத்தக்கன. அணிகளால் நிரம்பிய கல்லூரியில் எந்த வகுப்பறைகள் நிரம்பின என்பது தனி வினா.

பிழைக்காத கல்லூரியும் ஒன்றுண்டு. அலபாமாவின் பர்மிங்காம் சதர்ன் கல்லூரி 1856இல் வேர்கொண்டது. சிறு கல்லூரியாயினும் ஒரு காலத்தில் முதற் பிரிவிலேயே ஆடியது. உதவித்தொகைச் சுமையைத் தாங்க இயலாது என்று உணர்ந்த நிருவாகம் 2006இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவு செய்தது. மாணவர் தொகையைப் பெருக்கும் நோக்குடன் 2007இல் காற்பந்து அணியையும் தொடங்கியது. கணக்கு நோக்கில் இவை இரண்டும் அறிவுடைய முடிவுகளே. ஆனால் அதே ஆண்டுகளில் கட்டடங்களுக்காக வாங்கிய பெருங்கடனும், மாணவர் நிதியுதவியைக் கணக்கிட்டதில் 2010இல் வெளிப்பட்ட பெரும்பிழையும், முதலாக வைத்திருந்த நிலைநிதியையே எடுத்துச் செலவிட்டதும் கல்லூரியை அரித்துவிட்டன. மாநில அரசின் கடனை நாடிப் பெறாமற் போகவே, 2024 மார்ச்சில் மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. மே 31 கடைசி நாள்.

அந்தக் கடைசி நாளில் அதன் பேஸ்பால் அணி ஒஹையோ மாநிலத்தில் மூன்றாம் பிரிவின் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது! தாய்க்கல்லூரி சட்டப்படி மூடப்பட்ட பின்னரும் அணி ஆடியது. ஜூன் 2ஆம் நாள் 11க்கு 10 என்ற கணக்கில் ஒரே ஓட்ட வேறுபாட்டில் தோற்று வெளியேறியது. செய்தி அறிந்தோர் கண்கலங்கினர். இதில் நாம் காண்பது ஒன்று உண்டு: அணியின் சிறப்புக்கும் கல்லூரியின் நிதிநலத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கக்கூடும். கூட்டம் ஆரவாரிக்கும் நாளிலும் கருவூலம் காலியாக இருக்கலாம்.

பணம் மிகுந்த கல்லூரிக்கு இச்சிக்கல் இல்லை என்று கருதற்க. பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரி செல்வ வளம் மிக்கது. அதன் காற்பந்து அணி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஆயினும் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கல்லூரி காற்பந்தையும் மல்யுத்தத்தையும் கைவிட்டது. காரணம் பணமன்று, இடம். ஆண்டுக்கு நானூறுக்கும் குறைவான மாணவரையே சேர்க்கும் கல்லூரி, காற்பந்து போன்ற பெரிய அணியை ஒழுங்காக நடத்த வேண்டுமானால் சேர்க்கை இடங்களில் கணிசமான பங்கை ஆட்டக்காரர்க்கென்றே ஒதுக்க நேரும். இசையறிந்தவனுக்கும் கணிதம் வல்லவனுக்கும் உரிய இடம் சுருங்கும். பழைய மாணவர் கொதித்தெழுந்தனர், முடிவு மாறவில்லை. சிறு கல்லூரிக்கு ஓர் இருக்கையும் ஒரு செல்வமே என்பதைக் கணக்கேடு காட்டாது; இம்முடிவு காட்டியது.

எனினும், நம் கருத்தை மிகுதியும் ஈர்ப்பது அட்லாண்டா நகரின் ஸ்பெல்மன் கல்லூரி. 1881இல் தோன்றியது, கறுப்பினப் பெண்களின் உயர்கல்விக்கென வாழ்வது. 2012இல் அங்கு ஏறத்தாழ 2,100 மாணவியர் பயின்றனர். அவர்களுள் கல்லூரி அணிகளில் ஆடியோர் எண்பது பேரளவில் இருந்தனர். அவ்வணிகளுக்கான ஆண்டுச் செலவோ பத்து இலட்சம் டாலரை நெருங்கியது. அக்கல்லூரி ஆடிவந்த போட்டிக் குழுமத்திலிருந்து பிற கல்லூரிகள் விலகத் தொடங்கவே, புதிய குழுமத்தைத் தேடிச் சேர வேண்டிய நிலை எழுந்தது. சேர்ந்தால் செலவு மேலும் கூடும். அந்நேரத்தில் கல்லூரித் தலைவர் பெவர்லி டேனியல் டேட்டம் வேறொரு கணக்கைப் பார்த்தார். முதலாண்டில் சேர்ந்த மாணவியருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய நாட்பட்ட நோய்களுள் ஏதேனும் ஒன்று இருந்தது. பதினெட்டு வயதில்!

எண்பது பேர் ஆட, இரண்டாயிரம் பேர் அமர்ந்திருக்கும் கல்லூரியில், அந்த இரண்டாயிரம் பேரின் உடல்நலமே கேள்விக்குரியதாயிற்று. 2013இல் பருவம் முடிந்ததும் ஸ்பெல்மன், என்.சி.ஏ.ஏ. போட்டிகளிலிருந்து விலகியது. அணிகளுக்குச் சென்ற பணம் எல்லா மாணவியருக்குமான உடற்பயிற்சிக்கும் நலவாழ்வுக்கும் திருப்பப்பட்டது. பழைய உடற்பயிற்சிக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது.

எண்பது மாணவியர் இழந்ததும் சிறிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. அணியில் ஆடுவதால் வரும் கட்டுப்பாடும் தோழமையும் நடைபயிற்சியில் வாரா. ஆட்டத்தில் சிறந்தவர்க்கு மேடை அமைப்பதும் கல்லூரியின் கடமையே என்று வாதிடுவோர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் செலுத்தியவர் இரண்டாயிரம் பேர். அவர்களுக்கு அதுவரை கிடைத்தது பார்வையாளர் வரிசையில் ஓர் இடம் மட்டுமே. அதன் பின்னர், நீச்சற்குளத்திலும் யோகாசன வகுப்பிலும் நடைபாதையிலும் அவர்களுக்கே இடம் கிடைத்தது.