மூன்று எதிரிகள், ஒரே இதயம்

750 மீட்டர் நீச்சல். ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி 20 கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் 5 கிலோமீட்டர் ஓட்டம். இதற்குப் பெயர் ஸ்பிரிண்ட் டிரையத்லான். முதல்முறை களமிறங்குவோர் பலர் தேர்ந்தெடுக்கும் குறுந்தொலைவுப் போட்டி இது. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். மூன்றிலும் சுமாரான ஒருவரை, சில மாதப் பயிற்சி எப்படி இதற்குத் தயாராக்குகிறது?

முதலில் வரிசையைப் பாருங்கள். 1974 செப்டம்பர் 25 மாலை, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே கரையில் 46 பேர் கூடினார்கள். ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானஹான் என்ற இருவர் ஏற்பாடு செய்த அந்தப் போட்டியே நவீன டிரையத்லானின் தொடக்கம். அன்று ஓட்டமும் சைக்கிளும் முந்தி, நீச்சல் பிந்தி. இன்றைய வழக்கம் தலைகீழ். சாலையில் களைத்துப்போனால் ஓரமாக நின்றுகொள்ளலாம். ஆழ்நீரில் அப்படி நிற்க முடியுமா? அதனால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே நீச்சல்.

நீச்சலில் எதிரி, நீரேதான். காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. புதியவர் பயத்தில் தலையைத் தூக்கி எதிரே பார்ப்பார். உடனே கால்கள் தாழும். நுரையீரலில் உள்ள காற்று மார்பை மேலே தள்ளுகிறது; உடல் எடையின் மையமோ இடுப்பருகே இருக்கிறது. ஆகவே நீரில் கிடக்கும் உடல் ஒரு தராசு: தலைத்தட்டு உயர்ந்தால் கால்தட்டு இறங்கும். தாழ்ந்த கால்கள் நீரை மறிக்கும். முகத்தைக் கவிழ்த்துக் குளத்தின் தரையைப் பார்த்தால் போதும், கால்கள் மேலெழும். துளி பலம் கூடாமலே வேகம் கூடிவிடும்.

அடுத்தது மூச்சு. பாதி நீளத்திலேயே திணறுகிறவர் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று நினைப்பார். ஆனால் 'மூச்சு விடு' என்று மூளையை நெருக்குவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. மூச்சை அடக்கிக்கொண்டு நீந்தினால் அது வெளியேற வழியில்லை. முகம் நீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியே குமிழி குமிழியாக விட்டுவிட வேண்டும். பக்கவாட்டில் முகம் திரும்பும் அந்த ஒரு நொடி, உள்ளே இழுப்பதற்கு மட்டுமே.

சைக்கிளில் எதிரி மாறுகிறது. சமதளத்தில் வேகம் கூடக் கூட, மிதிக்கும் சக்தியில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடும். கணக்கு கொஞ்சம் கொடூரமானது: காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை 25 ஆக்கினால், அந்தச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்துவது ஸ்டைலுக்காக இல்லை. காற்றுக்குக் காட்டும் பரப்பைக் குறைக்கத்தான்.

ஓட்டத்தில் எதிரி நம் சொந்த எடை. 60 கிலோ எடையுள்ளவரின் கால் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை ஏறுகிறது. 5 கிலோமீட்டருக்குள் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கும். அதைத் தாங்கும் கருவியைத் தொட்டே பார்க்கலாம். குதிகாலுக்குச் சற்று மேலே, பின்புறம் விரலால் பிடித்தால் கயிறுபோலத் தட்டுப்படும். கெண்டைக்கால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அது. கால் பதியும்போது நீண்டு ஆற்றலைச் சேமிக்கும். எழும்போது சுருங்கித் திருப்பித் தரும்.

இந்த மூன்று வேலைக்கும் உள்ளே இருப்பது ஒரே இதயம். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் பாய்கிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் பெருகுகின்றன. எலிகளை டிரெட்மில்லில் ஓடவைத்து, அவற்றின் தசை மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இருமடங்காவதை 1967-இல் காட்டினார் ஆய்வாளர் ஜான் ஹாலோசி.

தசைநாணும் எலும்பும் இந்த அவசரத்துக்கு வராது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது உறுதிப்பட மாதங்கள் ஆகும். மூன்றாம் வாரம் 'இன்னும் ஓடலாம்' என்று இதயம் சொல்லும், குதிகால் ஒத்துக்கொள்ளாது. புதியவர்கள் காயப்படும் இடம் இந்த இடைவெளிதான். டிரையத்லான் பயிற்சியின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது: இதயத்துக்கு எந்த விளையாட்டு என்ற பேதமில்லை. குளத்திலும் சைக்கிளிலும் சேர்த்த மூச்சுவளம் ஓட்டத்துக்கும் உதவும். ஆகவே நீண்ட நேர உழைப்பைத் தரையின் அடி விழாத அந்த இரண்டில் வைத்து, ஓட்டத்தைச் சிறு அளவுகளாக ஏற்றலாம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும்.

மூன்றையும் தனித்தனியாகக் கற்றாலும் சந்திகள் மிச்சமிருக்கின்றன. படுக்கைவாட்டில் நீந்தியவர் சட்டென எழுந்து நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும், தலை சுற்றும். கரை நெருங்கும்போது காலைச் சற்று வேகமாக உதைத்தால் சமாளிக்கலாம். சைக்கிளிலிருந்து இறங்கினால் கால் மரக்கட்டை. வட்டமாகச் சுழன்ற தசைகள் இப்போது தரையின் அடியை வாங்கித் துள்ள வேண்டும். நரம்புகள் கட்டளையை மாற்றிக்கொள்ளச் சில நிமிடங்கள் பிடிக்கும். சைக்கிள் மிதித்த கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகும் 'பிரிக்' பயிற்சி இதற்காகவே. உடை மாற்றும் நேரமும் போட்டிக் கணக்கில் சேரும். பதற்றத்தில் சைக்கிளை உருவிக்கொண்டு ஓடக் கூடாது. ஹெல்மெட் கொக்கியை மாட்டிய பிறகே ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி.

கடைசி வாரம் செய்ய வேண்டியது, பயிற்சியைக் குறைப்பது. விட்டதைப் பிடிக்கும் ஆசையில் பலர் கூட்டிவிடுகிறார்கள். சில நாள் குறைத்தால் பிளாஸ்மாவும் மைட்டோகாண்ட்ரியாவும் கரைந்துவிடாது. களைப்பு மட்டும் வடியும். தசைகளில் மாவுச்சத்தின் சேமிப்பான கிளைகோஜன் நிரம்பும். அந்த வாரம் நன்றாகத் தூங்குவதும் பயிற்சிதான்.