நெருங்கி நிற்கும் பாவமும் ஆயரின் பொறுப்பும்

மனந்திரும்பிய பின்னும் அதே பாவத்தில் மீண்டும் மீண்டும் வீழ்கிற விசுவாசிக்கு ஆயர் சொல்லவேண்டியது யாது? எழுப்புதல் கூட்டத்தில் பாவமன்னிப்பைக் குறித்துப் பேசுவது நமக்கு எளிது. கூட்டம் முடிந்து பல மாதங்கள் சென்றபின், அதே மனிதர் இரவு வேளையில் ஆயர் இல்லத்துக் கதவைத் தட்டி, "ஐயா, மறுபடியும் விழுந்துவிட்டேன்" என்று கூறும்போது நம்மிடம் பெரும்பாலும் இரண்டு பதில்களே இருக்கின்றன. இன்னும் ஊக்கமாய் ஜெபியுங்கள் என்கிறோம்; அல்லது, உங்கள் மனந்திரும்புதல் மெய்யானதுதானா என்று வினவுகிறோம். முதற்பதில் அவரை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. இரண்டாம் பதில் அவரை இனி ஒருபோதும் வரவிடாமற் செய்கிறது. இவற்றுக்கு அப்பால் திருமறையும் திருச்சபையின் மரபும் நமக்கு வைத்திருப்பது என்ன என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலாவது, 'சோதனை' என்னும் சொல். கிரேக்க மூலத்தில் 'பெய்ராஸ்மொஸ்' என்பது பரீட்சிக்கப்படுதலையும் குறிக்கும். பாவத்திற்கு இழுக்கப்படுதலையும் குறிக்கும். நம் தமிழ்த் திருமறையிலும் 'சோதனை' என்ற ஒரே சொல் இவ்விரு பொருளையும் சுமக்கிறது. ஆதலால் பிள்ளையின் நோயையும் சோதனை என்கிறோம், மதுக்கடையின் வாசலையும் சோதனை என்கிறோம். இரண்டையும் ஆண்டவரே அனுப்பினார் என்று எண்ணிக்கொள்கிறோம். யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இக்குழப்பத்தைத் தீர்க்கிறார். 2, 12ஆம் வசனங்களில் சகிக்கவேண்டிய துன்பத்தைப் பற்றிப் பேசியவர், 13ஆம் வசனத்தில் வினைச்சொல்லுக்குத் திரும்பி, தீமைக்கு இழுப்பவர் கடவுள் அல்லர் என்று திட்டமாகக் கூறுகிறார். பின்பு அவர் கையாளும் உருவகம் கருத்தரித்தலும் மகப்பேறுமாகும். இச்சை கருவுற்றுப் பாவத்தை ஈனுகிறது. பாவம் வளர்ந்து மரணத்தை ஈனுகிறது. இவ்வுருவகத்தில் கால இடைவெளி உண்டு என்பதைக் கவனிக்கவேண்டும். எண்ணம் தோன்றிய கணமும் பாவம் பிறந்த கணமும் ஒன்றல்ல. நம் ஆண்டவர் எல்லா விதத்திலும் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதிருந்தார் (எபி. 4:15). மென்மையான மனச்சாட்சியுள்ள இளைஞர் பலர், எண்ணம் எழுந்ததையே வீழ்ச்சி என்று கருதி, வீழ்ந்தாயிற்று, இனி என்ன என்று உண்மையிலேயே வீழ்ந்துவிடுகின்றனர். இவ்வேறுபாட்டைப் பொறுமையாக எடுத்துரைப்பதே சிலருக்குப் பாதி விடுதலையாகிவிடும்.

399இல் மரித்த எவாகிரியுஸ் என்னும் எகிப்திய வனாந்தரத் துறவி, தீய எண்ணங்களை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மறுமொழியாகச் சொல்லத்தக்க திருமறைப் பகுதிகளைத் தொகுத்தது இவ்விடைவெளியை அறிந்தமையால்தான். ஆண்டவர் வனாந்தரத்தில் மும்முறையும் உபாகமத்திலிருந்து மறுமொழி கூறியதே அவருக்கு மாதிரி. நாமோ சோதனை வந்தபின் வசனத்தைத் தேடுகிறோம்.

இரண்டாவது, எபிரெயர் 12:1. நம்மை நெருங்கி நிற்கும் பாவம் என்று நாம் அறிந்திருக்கும் சொற்றொடரில் உள்ள 'யூபெரிஸ்டாடொஸ்' என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. எளிதில் சுற்றிக்கொள்வது என்பது அதற்கு வழக்கமாகக் கூறப்படும் பொருள். மிகப் பழைய பாப்பிரஸ் சுவடிகளுள் ஒன்றான பி46, எளிதில் கவனத்தைச் சிதறடிப்பது என்று பொருள்படும் வேறொரு சொல்லைத் தருகிறது. பிரசங்கங்களில் இவ்வசனத்தை அவரவரின் இரகசியப் பழக்கத்திற்குப் பொருத்துகிறோம். அப்பயன்பாடு முற்றிலும் தவறன்று. எனினும் நிருபத்தின் சூழலை மறந்துவிடுகிறோம். அங்கே ஆபத்தில் இருந்தவர்கள் சோர்ந்து, ஓட்டத்தை விட்டுவிடும் நிலையில் இருந்த ஒரு சபையார். அவர்களைச் சுற்றிப் பிணைத்த பாவம் விசுவாசத்தைக் கைவிடும் சோர்வே என்பது நம் கருத்து. இது ஆயர் பணிக்கு மிகவும் முக்கியமானது. ஏனெனில் ஒரு மனிதர் பத்தாம் முறை வீழ்ந்தபின் வருகிற பெரிய சோதனை பதினோராம் வீழ்ச்சியன்று. இனி ஓடிப் பயனில்லை என்ற முடிவுதான்.

பரிசுத்தமாகுதலைக் குறித்துச் சீர்திருத்தத் திருச்சபைகளுக்குள் ஒருமித்த குரல் இருந்ததில்லை. ஜான் ஓவன், ஆக்ஸ்போர்டில் பொறுப்பிலிருந்த காலத்தில், ரோமர் 8:13ஐ அடிப்படையாகக் கொண்டு பாவத்தைச் சாகடித்தலைப் பற்றிய தம் நூலை 1656இல் வெளியிட்டார். அவ்வசனத்தின் வினைச்சொல் நிகழ்காலத்தில் அமைந்து, தொடர்ந்து செய்யவேண்டிய செயலைக் காட்டுகிறது. ஓவனின் கூர்மையான கேள்வி ஒன்று நம்மை இன்றும் தைக்கிறது: நாம் அப்பாவத்தை வெறுப்பது அது பாவம் என்பதாலா, அல்லது நம் மன அமைதியையும் நற்பெயரையும் கெடுப்பதாலா? ஒரு பாவத்தை மட்டும் பிடித்து அடித்து, மற்றவற்றை வீட்டில் வளர்ப்பவன் அந்த ஒன்றையும் வெல்லான் என்பது அவர் வாதம். வெஸ்லியோ, 1766இல் வெளியிட்ட தம் விளக்கத்தில், அன்பில் நிறைவை இம்மையிலேயே எதிர்நோக்கலாம் என்றார். 1875இல் தொடங்கிய கெசிக் மாநாடு, போராட்டத்தைவிட ஒப்புக்கொடுத்தலை வலியுறுத்தியது. கெசிக்கின் ஆதரவில் புறப்பட்டு, 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் டோனாவூர்ப் பணியை நம்மவர் அறிவர். இவற்றுள் எதையும் இகழவேண்டுவதில்லை. எனினும், ஒரே இரவில் ஜெயம் என்ற வாக்குறுதியை மேடையில் கேட்டவர் மறுவாரம் வீழ்ந்தால், அவரைத் தாங்கவேண்டியவர் மேடையில் பேசியவர் அல்லர், உள்ளூர் ஆயரே. அந்த வகையில் நாம் ஓவன் பக்கமே சாய்கிறோம்.

இனி, நம் சபைகளில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட கருவிக்கு வருகிறோம். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்லுகிறது. தனி அறிக்கை ரோமைக்குரியது என்று நாம் ஒதுக்கிவிட்டோம். ஆனால் 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை தன் பதினோராம் பிரிவில், எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்லவேண்டும் என்ற கட்டாயத்தை மட்டுமே நீக்கி, தனி மன்னிப்பறிவிப்பைச் சபைகளில் நிலைநிறுத்தவேண்டும் என்கிறது. ஆங்கிலிக்கத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபநூலிலும், நோயாளரைச் சந்திக்கும் ஒழுங்கில், பாரமுள்ள மனச்சாட்சியுடையவருக்கு அதற்கு இடமுண்டு. ஃபின்கன்வால்டே குருமடத்தை 1937இல் நாசி அரசு மூடியபின், போன்ஹோஃபர் அங்கு வாழ்ந்த கூட்டுவாழ்வைக் குறித்து எழுதி 1939இல் வெளியிட்ட நூலின் இறுதிப் பகுதி பாவ அறிக்கையையும் திருவிருந்தையும் பற்றியது. பக்தியுள்ளோர் கூட்டத்தில் பாவியாயிருக்க எவருக்கும் அனுமதியில்லாமற் போவதால், ஒவ்வொருவரும் தம் பாவத்தோடு தனித்துவிடப்படுகின்றனர் என்பது அவர் கண்ட நோய். நம் குருமடங்களின் விடுதிகளுக்கு இது பொருந்தாது என்று எவரேனும் கூறுவாராயின், அவர் விடுதியில் தங்கியதில்லை என்றே கொள்வோம்.

அறிக்கையைக் கேட்பவர் இரண்டை அறிந்திருக்கவேண்டும். குடிப்பழக்கம் போன்றவற்றில் உடலும் மூளையும் அடிமைப்பட்டிருக்கும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவரை மருத்துவரிடம் அனுப்புவது அவிசுவாசமன்று. 1935இல் அமெரிக்காவில் தோன்றிய மது அடிமைமீட்புத் தோழமை, தன் படிகளுள் ஐந்தாவதாக வேறொரு மனிதரிடம் தவறுகளை ஒப்புக்கொள்ளுதலை வைத்திருப்பது, திருச்சபை மறந்ததை அது கைக்கொண்டது என்பதையே காட்டுகிறது. மற்றொன்று, அறிக்கையிடப்பட்ட பாவம் ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையாயின், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில், அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. தெரிவியாமை 21ஆம் பிரிவின்படி குற்றம். இரகசியம் காப்பதாகத் தொடக்கத்திலேயே வாக்களித்துவிடாமல், இவ்வெல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. பாவியைத் தேற்றுவதற்காகப் பாதிக்கப்பட்ட பிள்ளையை மறைக்கும் உரிமை எந்த ஆயருக்கும் இல்லை.

ஆயருக்கோ அறிக்கையிட ஆள் இல்லை. சபையாரிடம் சொன்னால் பணி போகும். பேராயரிடமோ வட்டத் தலைவரிடமோ சொல்லலாம் என்றால், மாற்றல் ஆணையில் கையொப்பமிடுபவரும் அவரே. ஆகையால் பலர் இருபது முப்பது ஆண்டுகள் மன்னிப்பைப் பிறருக்கு அறிவித்து, தம் செவியால் ஒருமுறையும் கேளாமல் ஓய்வுபெறுகின்றனர். குருமடத்தில் படிக்கும்போதே நம்பத்தக்க ஒருவரைத் தேடிக்கொள்ளுமாறு மாணவர்களை வேண்டுகிறோம். அவர் வேறு திருமண்டலத்தைச் சேர்ந்தவராகவோ வேறு திருச்சபையைச் சேர்ந்தவராகவோ இருக்கட்டும். உங்கள் பணிமாற்றத்திலும் பதவி உயர்விலும் அவருக்கு எப்பங்கும் இராதிருக்கட்டும். மூன்று மாதத்திற்கொருமுறையேனும் பேருந்தேறி அவரைச் சென்று பாருங்கள். தொலைபேசியில் சொல்லக்கூடியவை சில, சொல்லக்கூடாதவை பல.